பந்தடி நிறுத்தம்

எல்லோரும் சௌக்கியம்தானே? இருமல், சளி என்று படுத்திருந்தவர்கள் எழுந்து நடமாடுகிறீர்களா? முழங்கால்காரர்களுக்கு மாடிப்படி ஏற முடிகிறதா? சரி, முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துக்கொண்டு உட்காருங்கள். எங்கள் ஊர் அணி கோப்பையின் அரையிறுதியில் தோற்ற சாயங்காலம், கடைசிப் பெனால்டியில் கோல் கம்பத்துக்கு மேலே போன பந்து, அதற்கப்புறம் பல வருஷம் கீழே இறங்கவில்லை.

இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கு மைதானத்தில் ஊரே இருந்தது. துறைமுகத்து அணியின் கோல்கீப்பர் ஒரு பக்கமாகப் பாய்ந்து விழுந்து, எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தான். பார்த்தவன் வாயை மூட மறந்து நின்றான். ரெஃப்ரி விசில் ஊதினார். துறைமுகத்துக்காரர்கள் குதித்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், குளித்தார்கள், டீ குடித்தார்கள், பஸ் ஏறிப் போயும்விட்டார்கள். நம்மவர்கள் மட்டும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலையில் விழுந்தால் என்ன செய்வதென்று ஒருவர் குடையை விரித்துப் பிடித்திருந்தார். இருட்டுகிற வரை அது வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், மைதானத்தைத் தாண்டி, ஊர்த் தண்ணீர் டாங்கைத் தாண்டி, பம்பக்காவின் சைக்கிள் கடை வாசலுக்கு நேர் மேலே, காக்கா பறக்கிற உயரத்துக்கும் கொஞ்சம் மேலே, அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

பம்பக்கா என்பது ஊர் வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயரை அவளிடமே கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். அப்பா போனபோது அவளுக்கு விட்டுப்போனது ஒரு பம்பு, டியூபை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி, ஒரு பெட்டி ஸ்பேனர், ஓர் அம்மா, பள்ளிக்கூடம் போகிற தம்பி ஒருவன். இவை எல்லாவற்றையும் அவள் நன்றாகவே பராமரித்தாள். மிச்சமிருந்த மனசை ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலை அணிக்குக் கொடுத்தாள். பச்சைச் சட்டை போட்ட அந்த அணியில் ஆடியவர்கள் எல்லாம் காலையில் பாட்டில் ஊதுகிறவர்கள், சாயங்காலம் பந்து உதைக்கிறவர்கள். கோப்பை ஆட்டம் வருகிற வாரத்தில் பம்பக்காவிடம் சைக்கிளைக் கொடுத்தால், என்ன ரிப்பேருக்குக் கொடுத்திருந்தாலும் மட்கார்டு பச்சையாகித்தான் திரும்பி வரும். தபால்காரரின் சிவப்பு சைக்கிளும் தப்பவில்லை. அவர் மேலதிகாரி கேட்டதற்கு, "பிரேக் மாத்தக் குடுத்தேன் சார், கட்சி மாத்திட்டாங்க" என்று பதில் சொன்னார். தம்பி அதே அணியில் இடது ஓரத்தில் ஆட ஆரம்பித்த வருஷம் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. இதை ஊர்க்காரர்கள் சும்மா வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்கள், அவள் மிதக்கவெல்லாம் இல்லை.

ஆட்ட நாள் காலையில் பந்துக்குக் காற்றடிக்கிற வேலை பம்பக்காவுடையது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் பந்து உருண்டையாகி உட்காருகிற வரைக்கும் அடிப்பாள். அப்புறம் ஆளுக்கு ஒன்றாகப் பதினோரு அடி, ஒவ்வொருவரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு. "இந்தா கதவு, இது உனக்கு" என்று கோல்கீப்பருக்கு ஒன்று. உலையடியில் வேலை பார்த்த சகோதரர்கள் இரண்டு பேருக்கும் சண்டை வராதபடி அடுத்தடுத்து ஒவ்வொன்று. வழுக்கைத்தலை கேப்டனுக்கு, "மாமா, மூச்சு வாங்காம ஓடணும்" என்று சொல்லி ஒன்று. இப்படியே போய்க் கடைசியில் தம்பிக்கு ஒன்று. முடிந்ததும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, காதோரம் வைத்துத் தட்டிக் கேட்டு, துணியால் துடைத்துக் கொடுப்பாள். ரெஃப்ரி வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் வாத்தியார். பம்பக்கா அடித்த பந்து என்றால் அவர் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

அரையிறுதி அன்று காலையிலும் இதே மாதிரிதான் நடந்தது. தம்பி கடைப் படியில் தலை குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கடையை ஒட்டிய வீட்டுக்குள்ளேயிருந்து அம்மா, "ரெண்டு பேரும் வந்து தின்னுட்டுப் போங்க, தட்டுல போட்டது ஆறிப்போச்சு" என்று மூன்றாம் தடவையாகக் கத்தினாள். "வர்றோம்மா" என்று இரண்டு பேரும் சொன்னார்களே தவிர நகரவில்லை. தம்பியின் முறை வந்தது. பம்பக்கா ஒரு அடி அடித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "என் தங்கம்" என்று வாய்க்குள்ளேயே சொல்லி இன்னும் இரண்டு அடி அடித்தாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள். சாப்பிடாமலே இரண்டு பேரும் மைதானத்துக்குப் போனார்கள்.

அன்றைக்குப் பந்து கொஞ்சம் அதிகமாகத் துள்ளியது உண்மைதான். கோப்பை ஆட்டம், பந்துக்கும் படபடப்பு இருக்காதா என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. மற்றவர்கள் உதைத்தபோது அது ஒழுங்காக வலைக்குள் போயிற்று. கூடுதல் காற்று தம்பியின் பெயருக்குப் போட்டது, ஆகவே தம்பியின் காலுக்குத்தான் வேலை செய்தது. அவன் பந்தைப் புள்ளியில் வைத்தான், இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி ஒரு கணம் குனிந்தே இருந்தான், பின்னால் போனான், ஓடி வந்தான், உதைத்தான். மீதி உங்களுக்குத் தெரியும்.

பம்பக்கா அழவில்லை. ரெஃப்ரியைத் திட்டவில்லை. நேராக வீட்டுக்கு நடந்து வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யாருடைய டியூபையோ எடுத்து முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். தம்பி பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அவள் நிமிராமலே சொன்னாள்: "உள்ள வர்றதுன்னா பந்தோட வா."

சிரிப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவளும், "சரி வந்து தொலை" என்று சொல்லத்தான் இருந்தாள். ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததாக அந்த இரண்டு அடியையும் சொல்ல வேண்டியிருக்கும். டியூபை இன்னொரு தடவை தண்ணீரில் அமுக்கினாள். ராத்திரி வண்டியில் அவன் துறைமுகத்துக்குப் போய்விட்டான். அக்கா ஒரு வேளைக்குச் சொன்னதைத் தம்பி ஆயுசுக்கு எடுத்துக்கொண்டான், அவன் போனதை அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம், யாரைச் சொல்லி என்ன.

மேலே பந்து நின்ற விஷயத்தில் ஊர் ஒரு வாரம் பரபரப்பாக இருந்தது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் ஏணியை நீட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை, எரியவும் இல்லையே என்று ஏணியை மடக்கிக்கொண்டு போனார்கள். மின்சார ஆபீஸிலிருந்து வந்தவர், இதில் வயர் எதுவும் கிடையாது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் பழகிவிட்டது. காக்காய்கள் அதன்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள், பந்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று விசாரிப்பார்கள். பஸ் நிற்கிற இடத்துக்கு மரத்தடி, பாலத்தடி என்கிற மாதிரி பந்தடி என்று பெயர் வந்து, பலகையும் எழுதி மாட்டிவிட்டார்கள். மழை பெய்தால் கடை வாசலில் ஒரு தட்டு அகலத்துக்கு நனையாது. பம்பக்கா அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவை வைத்துக்கொண்டாள். மற்றபடி அவள் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. "அக்கா, மேல ஒரு கஸ்டமர் ரொம்ப நேரமா காத்துட்டு இருக்கு" என்று போகிறவர்கள் கிண்டல் செய்தால், "வரிசையில வரச் சொல்லு" என்பாள்.

ட்ராயிங் வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் மட்டும் வாய் நீளும்.

"சார், அந்த விசிலை எப்ப வாபஸ் வாங்கப் போறீங்க?"

"கோட்டைத் தாண்டின பந்து தாண்டினதுதாம்மா."

"தாண்டிச்சு, சரி. விழுந்துச்சா?"

"விழணும்னு சட்டத்துல இல்லை."

"சட்டம் எழுதினவன் நம்ம ஊர்ப் பக்கம் வந்ததில்லை போல. அதுவரைக்கும் ஆட்டம் முடியலை சார், நான் ஒத்துக்க மாட்டேன்."

வாத்தியார் பஞ்சருக்குக் கூலி கொடுப்பார், அவள் மீதி கொடுப்பாள், அடுத்த பஞ்சரில் இதே பேச்சு மறுபடி நடக்கும்.

தம்பிக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. எவ்வளவு உயரத்தில் எதைத் தூக்கினாலும் அலுங்காமல் குலுங்காமல் கீழே இறக்கிவிடுவான் என்று அங்கே அவனுக்கு நல்ல பெயர். கொஞ்ச காலத்தில் கல்யாணமும் செய்துகொண்டான். பெண் யார் தெரியுமா, அன்றைக்கு வாயைப் பிளந்து நின்றானே, அந்தக் கோல்கீப்பரின் தங்கை. "கோல்தான் போடலை, கோல்கீப்பர் வீட்டுக்குள்ளயே பூந்துட்டான்" என்று எங்கள் ஊர் ஒரு மாதம் சிரித்தது. அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மா போனாள். அதற்குப் பிறகும் மாதம் ஒரு தடவை பந்தடியில் பஸ் ஏறித் துறைமுகம் போய் வருவாள். திரும்பி வந்ததும் தம்பி பேச்சை அம்மா எடுக்க மாட்டாள், பம்பக்காவும் கேட்க மாட்டாள். டியூபை உரசிக்கொண்டே, "பஸ்ல கூட்டமாம்மா?" என்று மட்டும் கேட்பாள். "உக்கார இடம் கிடைச்சுது" என்றால் அவன் நன்றாக இருக்கிறான். "நின்னுட்டேதான் வந்தேன்" என்றால் அவனுக்கு ஏதோ சிரமம், அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. குழந்தை பிறந்த மாதம் அம்மா, "ஜன்னலோரமே கிடைச்சுதுடி" என்றாள். பம்பக்கா அன்று வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் காற்றடித்துவிட்டாள், ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

அந்த அம்மா ஒரு நாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். தம்பி வந்தான். பந்துக்கு நேர் கீழே தெருவில் நின்றான். உள்ளே வாப்பா, அம்மா முகத்தைப் பார் என்று நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். "கையில பந்து இல்லையே" என்றான். அக்கா உள்ளே இருந்தாள், அது காதில் விழுந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று அடி அடித்தவள் நான், நீ என்னடா செய்வாய் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அம்மாவின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். அம்மாவை வெளியே கொண்டு வந்ததும் அவன் தோள் கொடுத்தான், தெருவோடு வந்து தெருவோடு போனான். அதற்குப் பிறகு பஸ் கூட்டம் பற்றிக் கேட்கவும் அவளுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. கண்டக்டர்தான் எப்போதாவது சொல்வார்: "உங்க தம்பி வண்டியில இருந்தாருக்கா. பந்தடி வந்ததும் தலையை நீட்டிப் பாத்தாரு. இறங்கலை."

வருஷங்கள் போயின. கண்ணாடித் தொழிற்சாலையை மூடினார்கள். பச்சைச் சட்டைகள் சிலது துடைக்கிற துணியாயின, சிலது இன்னும் பீரோவில் இருக்கின்றன. மைதானத்தில் பஸ் டெப்போ வந்தது. கோல் கம்பம் நின்ற இடத்தில் இப்போது டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேப்டன் மாமா போய்விட்டார். கதவு என்கிற கோல்கீப்பர் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து மேலே காட்டி, "அது எங்க பந்து" என்பார், பேரன் காக்காயைப் பார்ப்பான். ஆனாலும் அந்த நாட்களில் எங்கள் தெருவில் நடந்து பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரியும், சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நாலு மணிக்குக் கால்கள் தானாக மைதானத்தின் பக்கம் திரும்பும். டெப்போ வாசலில் வாட்ச்மேன் விரட்டும்போதுதான் நிறையப் பேருக்கு ஞாபகம் வரும்.

ஒரு நாள் காலை பால்காரரின் டியூபைத் தொட்டியில் முக்கிக் குமிழியைத் தேடிக்கொண்டிருந்தாள் பம்பக்கா. மேலே பார்க்காதவளுக்குப் பந்து எப்போதும் தொட்டித் தண்ணீரில் தெரியும், ஒரு சட்டைப் பித்தான் அளவுக்கு. அன்றைக்கு அது எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். மறுநாள் வெங்காயம் அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் தையல் போட்ட இடம் தெரிந்தது. டியூபைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எங்கோ காற்று கசிகிறது, பந்து இறங்குகிறது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வேறு யாராவது அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றால்? அல்லது யாரும் வாங்காமல் அது சாக்கடையில் விழுந்து உருண்டு போனால்? தம்பி வருவதற்கு அப்புறம் வழியே இல்லை. ஸ்டூலைத் தூக்கிப் பந்துக்கு நேர் கீழே போட்டுக்கொண்டாள். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேட்டாள். நாலாம் நாள் துறைமுக வண்டி வந்து நின்றதும் எழுந்து போய் ஜன்னலைத் தட்டினாள்.

"கண்டக்டரே, துறைமுகத்துல கிரேன்காரன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

கண்டக்டருக்கு டிக்கெட் கட்டு கையை விட்டு நழுவப் பார்த்தது. "சொல்லுங்கக்கா."

"பந்து இறங்குது. வந்து வாங்கிக்கச் சொல்லு."

"வேற எதுவும்?"

"வேற என்ன? உக்கார இடம் இருக்கான்னு பாத்து ஏறச் சொல்லு."

மறுநாள் மத்தியான வண்டியில் தம்பி வந்து இறங்கினான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி, கையில் பை. முன்தலையில் முடி கொட்டி, தொப்பை விழுந்து, இடது முழங்காலை லேசாகச் சாய்த்து நடந்தான். பந்து அப்போது டெலிபோன் கம்பத்தைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. அவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். பந்து அவனுக்காகவே காத்திருந்த மாதிரி, கிரேனில் அவன் கண்ணாடிச் சாமான் இறக்குகிற வேகத்தில், நிதானமாக இறங்கியது. கடைசிக் காக்கா மாடி உயரம் வரை கூடவே வந்துவிட்டுப் பறந்து போனது. தம்பி மார்பில் வாங்கி, தொடைக்கு இறக்கி, இடது பாதத்தை வைத்து அமுக்கி நிறுத்தினான். தெருவில் யாரும் கை தட்டவில்லை. கூட்டத்தில் இருந்த ட்ராயிங் வாத்தியாரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "முடிவுல மாத்தம் இல்லை" என்றார் அவர். "யாரு சார் கேட்டா?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

தம்பி பந்தைக் குனிந்து எடுத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடைப் படிக்கு முன்னால் போய் நின்றான்.

"அக்கா, பந்தோட வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

அவள் பந்தை வாங்கினாள். கட்டை விரலால் அமுக்கினாள். காதோரம் வைத்துத் தட்டினாள். பதினோரு ஆளுக்குச் சரியாக இருந்தது காற்று. கூடுதலாகப் போட்டது மட்டும் இத்தனை வருஷத்தில் கசிந்து போயிருந்தது. பஞ்சர் கடைக்காரி என்ன செய்வாளோ அதைச் செய்தாள், தொட்டியில் முக்கினாள். வால்வு ஓரத்திலிருந்து ஒன்றொன்றாகக் குமிழி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு உன் பேருக்கு மூணு அடி அடிச்சேன்டா."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"பந்தை வைக்கும்போதே தெரியும். கல்லு மாதிரி இருந்துச்சு."

"அப்பவே அந்த வாத்தியார்கிட்ட சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா பந்தை மாத்திடுவாரு." அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "எனக்குன்னு நீ அடிச்ச காத்து. அதை வேணாம்னு எப்படிக்கா சொல்றது?"

"மடப்பயலே. கோப்பை போச்சேடா."

"போச்சு."

ஒட்டுப் போட வேண்டுமென்றால் காற்றை இறக்கித்தான் ஆக வேண்டும். பம்பக்கா ஊசியை எடுத்து எச்சில் தொட்டு வால்வில் செருகினாள். அரையிறுதி அன்று காலையில் அடைத்த காற்று வெளியே வந்தது. முதலில் நனைந்த புல் வாசனை வந்தது, பிறகு கோடு போட்ட ஈரச் சுண்ணாம்பு, பச்சைப் பெயிண்ட், உலைப்புகை, கேப்டன் மாமா காலில் தேய்க்கிற தைலம். தெருவில் நின்ற எல்லோரும் இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள். கோல்கீப்பர் கதவு தன்னையறியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ட்ராயிங் வாத்தியார் வயிற்றை உள்ளே இழுத்தார். தொழிற்சாலைச் சங்கு தூரத்தில் ஒரு தடவை கேட்டது, டெப்போ பஸ்கள் அதற்கு மரியாதையாக எஞ்சினை நிறுத்தியதாகச் சொல்கிறார்கள். பந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியாக மிச்சமிருந்த காற்றில், வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற தூரத்தில், கொஞ்சம் எரிச்சலோடு அம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் வந்து தின்னுட்டுப் போங்க, தட்டுல போட்டது ஆறிப்போச்சு."

"வர்றோம்மா" என்றார்கள் இரண்டு பேரும். இந்தத் தடவை பந்தைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தம்பி பெண்டாட்டி பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், "அண்ணி, எனக்கும் பசிக்குது" என்றாள்.

பந்து இப்போது கடை அலமாரியில், ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஒட்டுப் போட்டு, அளவாகக் காற்றடித்து. துறைமுக வண்டி இன்னும் பந்தடியில்தான் நிற்கிறது. மேலே ஒன்றும் இல்லாத போதும் இறங்குகிறவர்கள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நடக்கிறார்கள். மழை பெய்தால் கடை வாசலில் அந்தத் தட்டு அகலம் இப்போதும் நனைவதில்லை. மாதம் ஒரு தடவை தம்பி வரும்போது அவன் செருப்பை அங்கேதான் விடுகிறான்.

உங்கள் ஊரிலும் மேலே போனது எதுவாவது இறங்காமல் நின்றிருக்கும், பந்தோ, பட்டமோ, யாராவது சொன்ன ஒரு வார்த்தையோ. சோம்பல் படாமல் எழுதி அனுப்புங்கள். எவ்வளவு உயரம் போனது என்பதோடு விட்டுவிடாதீர்கள், யார் வந்து வாங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள்.